தள்ளுவண்டிக் குழந்தை

நடுக்கடல், மார்ச் 1941

என் உயிருக்கு உயிரான இர்ம்கார்ட்,

உடம்பு தேறிவிட்டதா? பிரசவம் நல்லபடியாக முடிந்ததா? பிறந்தது பெண்ணா பையனா என்றுகூடத் தெரியாத அப்பனாக இந்த இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறேன். எந்தத் துறைமுகத்துக்கும் போக முடியாது, தந்தி அடிக்கவும் தடை. நாங்கள் பிடித்த கப்பலை ஜெர்மனிக்கு ஓட்டி வரும் என் நண்பன் வில்கோ, இதைக் காலணிக்குள் ஒளித்துக் கொண்டுவருகிறான். மேலதிகாரி பார்த்தால் இருவர் கதையும் முடிந்தது.

முன்பு நாங்கள் வாழைப்பழம் ஏற்றிப்போன அதே கப்பல்தான். இப்போது பக்கத் தகடுகளுக்குப் பின்னால் பீரங்கிகள். எதிரிக் கப்பல்களை ஏமாற்ற அடிக்கடி நிறம் மாறும், பெயர் மாறும், கொடி மாறும். சிரிக்காதே, எனக்குப் பெண் வேடம்! கப்பலிலேயே ஒல்லிப்பயல் நான்தானாம். பூப்போட்ட கவுன், தலைக்குட்டை, என் கையாலேயே மரம் இழைத்துச் செய்த குழந்தைத் தள்ளுவண்டி. உள்ளே போர்வைக்கடியில் உருளைக்கிழங்கு மூட்டை. "அடியே, புள்ள அழுவுது பாரு!" என்று பீரங்கிக்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் மூட்டையைத் தட்டித் தூங்கவைப்பேன்.

போன வாரம் ஒரு நார்வே கப்பல் எதிர்ப்பட்டது. கைக்குழந்தையோடு ஒருத்தி உலாவுவதைப் பார்த்து நம்பி, பக்கத்தில் வந்தது. அதன் மேல்தளத்திலிருந்து ஒரு சிறுமி எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். அப்போதுதான் எங்கள் தகடுகள் இறங்கின, பீரங்கிகள் வெடித்தன. உதவி கேட்டுத் தந்தி அடித்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பா, எங்கள் குண்டு பட்டுத் தந்தி அறையிலேயே செத்துப்போனார்.

அந்தச் சிறுமிக்கு டோர்டிஸ் என்று பெயர். அவளும் அம்மாவும் இங்கே கீழ்த்தளத்தில் கைதிகள். பட்டாணி சூப் கொண்டுபோவது நான். அவள் கேட்பதை அம்மா ஜெர்மனில் சொல்கிறாள்: "அந்தக் குட்டிப் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே? வெடிச் சத்தத்துல பயந்திருக்குமே?" தூங்குகிறது கண்ணு என்று சொல்லிவைத்தேன். தினமும் கேட்கிறாள். அம்மாவுக்கு என் முகம் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனாலும் மகளிடம் அவள் சொல்லவில்லை. எனக்குத்தான் சூப் சட்டியைத் தூக்கக் கை வரவில்லை.

இனி வேடம் வேண்டாம் என்று கேப்டனிடம் கெஞ்சினேன். "அந்த வண்டி ரெண்டு பீரங்கிக்குச் சமம்டா, போய் ஷேவ் பண்ணு" என்று விரட்டிவிட்டார். கோபித்துக்கொண்டு இறங்கிப்போக இது என்ன மாமியார் வீடா? சுற்றிலும் தண்ணீர்.

நாளை அவர்களையும் வில்கோவின் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஊருக்கு வந்ததும் எந்த முகாமில் வைக்கிறார்கள் என்று அவன் விசாரித்துச் சொல்வான். உன் காலில் விழுந்து கேட்கிறேன் இர்ம்கார்ட், நம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போ. உள்ளே விடாவிட்டால் வேலிக்கு வெளியே நின்றாவது டோர்டிஸுக்குக் காட்டு. இதுதான் அந்தப் பாப்பா, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்.

கடவுள் உங்கள் இருவரையும், அந்த இருவரையும் காப்பாற்றட்டும்.

உன்
டெட்லெஃப்