விமானத் தளத்து வாசலில் ஒப்பாரி

சிப்பாட்டா,
பணத்தின் வாலிலிருந்து அரசாங்கம் மூன்று பூஜ்யங்களை வெட்டிப் போட்ட ஆண்டு, மக்காச்சோளம் பால்பிடிக்கும் மாதம்.

குரங்குதின்னி மச்சான் முசோண்டாவுக்கு,
எலிதின்னி ஜெரே சொல்ல, பள்ளிக்கூடத்து ஆசிரியை எழுதுவது. நலமா? விமானத் தளத்துச் சமையற்கூடத்தில் நான் சமைத்தவரை ஒழுங்காகச் சாப்பிட்டாய், ஒழுங்காக விமானமும் ஓட்டினாய். இப்போது எப்படி? என்னை எலிதின்னி என்று திட்ட இங்கே ஆளில்லை. எழுது.
அன்புடன்,
ஜெரே

லுசாக்கா, 9 மார்ச் 2013

எலிதின்னிப் பெரியவரே,
நலம். விடுப்பை மறுபடியும் ரத்து செய்துவிட்டார்கள். வெள்ளப் பகுதிக்கு நிவாரண மூட்டை, திரும்பினால் மந்திரி, மந்திரியை இறக்கினால் மறுபடி மூட்டை. சரிபார்ப்புப் பட்டியலை வாய்தான் படிக்கிறது, கண் தூங்குகிறது. நேற்று சக்கரத்தை இறக்காமலே தரையை நெருங்கிவிட்டேன். துணை விமானி, "சார், சக்கரம்! சக்கரம்!" என்று கத்தினான். மேலே ஏற்றிச் சுற்றி வந்தோம். பயமே வரவில்லை பெரியவரே, கொட்டாவிதான் வந்தது. வெளியே சொல்லாதீர்கள். சொன்னால் பறக்க விடமாட்டார்கள்.
உங்கள்,
முசோண்டா

லுசாக்கா, 28 மார்ச் 2013

பெரியவரே,
இது நியாயமா? பட்டப்பகலில் தளத்து வாசலில் மண்ணில் புரண்டு, "ஐயோ, எங்க குரங்குதின்னி போயிட்டானே! கொட்டாவி விட்டுக்கிட்டே எரிஞ்சு போயிட்டானே!" என்று ஒப்பாரி வைத்தீர்களாம். தளபதி ஓடிவந்து, "யோவ், அவன் உயிரோடதான்யா இருக்கான்!" என்றாராம். நீங்களோ, "அப்ப லீவு குடுங்க. பொணத்துக்கு மட்டுந்தான் லீவா?" என்றீர்களாம்.
உங்கள் ங்கோனி இனத்தார் கேலிக்கு எங்கள் பெம்பா இனத்தார் கோபப்படக் கூடாதென்பது பழைய முறையாயிற்றே! தளபதியும் பெம்பா. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாராம். ஆறு வாரம் விடுப்பு. மருத்துவர் சரியென்றால்தான் மறுபடி விமானம்.
மானம் போயிற்று. இனி எழுத மாட்டேன்.
இரண்டு நாள் தூங்கினேன். எழுந்ததும் அந்தச் சக்கரம் நினைவு வந்து கை நடுங்கிவிட்டது.
முசோண்டா

சிப்பாட்டா, சோளம் அறுத்த பிறகு

மச்சான்,
நடுங்கட்டும். போன பயம் திரும்பி வரத்தான் பஸ் ஏறி வந்து மண்ணில் புரண்டேன். முதுகு இன்னும் வலிக்கிறது.
கோபம் இருந்தால் இருக்கட்டும். என் கவலையையும் கேள். நான் செத்தால், குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, "இந்த எலிதின்னிக்கு இவ்ளோ பெரிய குழியா?" என்று முறைப்படி வம்பிழுக்க உங்கள் பெம்பா ஆள் ஒருவன் வேண்டும். அழுகை மட்டும் இருந்தால் அதென்ன சாவு? எனக்குத் தெரிந்த பெம்பாக்காரரில் ரொட்டி சுட்ட ம்வாப்பே செத்துப்போனான். லாரி ஓட்டிய கபுங்கோ போன மழைக்குப் போனான். மிச்சம் இருக்கிறவன் நீ ஒருவன்தான், முசோண்டா.