எலுமிச்சை கேக்கில் எழுதாமல் விட்டது

மார்ச் 3, செவ்வாய்

கிளினிக்கில் இன்று இரண்டு பேருக்குப் பல் பிடுங்கினார்கள். அவர்களில் ஒருவருக்குத் துணையாக வந்தவர் என் மேசை முன்னாலேயே மயங்கி விழுந்தார். அவரைத் தெளியவைத்துவிட்டு நிமிர்ந்தால், அத்தையின் போன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. (விவாகரத்துக்குப் பின் மாமியாரை எப்படிக் கூப்பிடுவது என்று வக்கீல் சொல்லித் தரவில்லை. எனக்கு அவர் அத்தைதான்.)

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எழுபது வயதாகிறது. "உன் எலுமிச்சை கேக் எப்படிச் செய்யறதுன்னு எழுதி அனுப்பும்மா. அவ செஞ்சு தரேங்கறா."

அவ என்றால் அவர் மகனின் இப்போதைய மனைவி. சரி என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 5, வியாழன்

எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று முட்டை, எலுமிச்சைத் தோல் துருவல், ஓவன் சூடு, சர்க்கரைப் பாகுக்கு எத்தனை கரண்டி சாறு, எல்லாம். ஒன்றைத் தவிர. கேக் சூடாக இருக்கும்போதே கம்பளி பின்னும் ஊசியால் முழுக்கக் குத்திவிட்டுத்தான் பாகை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாகு மேலோடு வழிந்து ஓடிவிடும். உள்ளே வறவறவென்று தொண்டையை அடைக்கும்.

மறந்துவிட்டேன் என்று எழுத வந்தேன். என் டைரியிலேயே பொய்யா? வேண்டுமென்றேதான் விட்டேன். வீடு போச்சு, அந்தச் சமையலறை போச்சு, அத்தையும் போயாச்சு — இதுவுமா?

மார்ச் 8, ஞாயிறு

இந்நேரம் வெட்டியிருப்பார்கள். அந்தப் பெண் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? நான் வெளியே வந்த பிறகு வந்தவள். சின்னப் புத்தி எனக்கு.

மார்ச் 9, திங்கள்

மதியம் கிளினிக் மாடிப்படியில் நின்று போன் செய்தேன்.

"அத்தை, அதுல ஒண்ணு எழுதாம விட்டுட்டேன். வேணும்னேதான்."

"தெரியும்மா. ஊசியால குத்தறது. எட்டு வருஷம் உன் பக்கத்துல நின்னு பாகு கலக்கினது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா? ஊசி இன்னும் இங்கதான் கிடக்கு."

"அவகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ மறைச்சது தெரிஞ்சுடும். வாய மூடிக்கிட்டேன். எல்லாரும் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு முழுங்கினாங்க."

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?"

"வேற என்னன்னு சொல்லி உனக்குப் போன் பண்றது?"

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மேலே ஏறி வந்த ஒருவர், பல் வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

விட்டதை எழுதி, மன்னிப்பும் கேட்டு, அந்தப் பெண்ணுக்கே அனுப்பினேன். பதில் வந்தது: "பரவாயில்லக்கா. நானும் உங்களப் பத்தி நல்லதா ஒண்ணும் சொன்னதில்ல."

அவளைப் பிடித்துவிடும் போலிருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

எலுமிச்சை நான்கு, வெண்ணெய் ஒரு கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஊசி வாங்கவில்லை. நாலு மணிக்கு அத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்.