மூன்றாம் முறையும் முதல் முறை போல

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலும் அம்மாவின் தூக்கமும் எப்படி இருக்கின்றன?

அம்மாவுக்கு வந்திருக்கும் மறதி நோயில் மூளைச் செல்லுக்குள்ளிருந்தே 'செத்துப்போ' என்று ஒரு கட்டளை கிளம்புகிறது. அதைத் தடுக்கும் மருந்தை, தட்டுகளில் வளர்த்த செல்களில் பாதிக்கு மட்டும் கொடுத்தோம். செல்களை எண்ணுகிற எனக்கு, எந்தத் தட்டில் மருந்து என்று சொல்ல மாட்டார்கள். உயிரோடிருப்பவற்றை மூன்று முறை எண்ணினேன். கழுத்து பிடித்துக்கொண்டது, வேறொன்றுமில்லை.

எந்தத் தட்டில் மருந்து என்று எழுதி ஒட்டிவைத்த உறையை நேற்று பிரித்தார்கள். என் கணக்கில் அதிகச் செல்கள் பிழைத்திருந்தவையெல்லாம் மருந்துத் தட்டுகள்.

"மூணாவது தடவையும் மொத தடவை மாதிரி எண்ணியிருக்கியே, யாரும்மா பழக்கினது?" என்றார் ஆய்வகத் தலைவர்.

"எங்கப்பா சார். அம்மா ஒரே கேள்விய பத்து தடவ கேட்டாலும் புதுசா கேட்ட மாதிரிதான் பதில் சொல்வாரு."

பிழைத்தவை தட்டில் இருக்கும் செல்கள்தான், அப்பா. அம்மாவுக்கு மருந்து வந்துவிட்டதாக அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள், தெருவே கூடிவிடும்.

கழுத்துக்குத் தைலம் அனுப்புங்கள். "எம் பொண்ணு எங்க போயிருக்கா?" என்று அம்மா கேட்பதையும் செல்போனில் பதிவு செய்து அனுப்புங்கள். பத்து முறையும் வேண்டும், உங்கள் பதிலோடு.

செல்களுக்குச் சாப்பாட்டு நேரம், ஓடுகிறேன்.

உங்கள் மகள்