கோழிகளுக்கு ஒரு விளக்கு

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்த நோட்டை இங்கா கொடுத்துவிட்டுப் போனாள். என் அக்கா மகள். ரோவனியெமி நகரத்திலிருந்து எண்பது கிலோமீட்டர் காரோட்டி வந்து, ஒரு நோட்டு.

"தினம் ரெண்டு வரி எழுதுங்க மாமா. எப்போ தூங்குனீங்க, எப்போ எழுந்தீங்க, மனசு எப்படி இருந்துச்சு, அவ்வளவுதான். நான் படிக்க மாட்டேன்."

ரெண்டு வரியா? முப்பத்தெட்டு வருடம் மரலாரி ஓட்டியவன் நான். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் காபி, பின்னால் அறுபது டன் பைன் மரம். என் கதைக்கு இந்த நோட்டின் அட்டைகூடப் போதாது. பள்ளிக்கூடம்தான் ஆறாம் வகுப்போடு என்னிடம் தோற்றுப்போய் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

இன்று ஏரியில் பிடித்த மீன் ஒன்பது கிலோ. ஏழு இருக்கும். எடை போடவில்லை.

தூக்கம்: பாறை மாதிரி. கோடையில் இந்த லாப்லாந்தில் சூரியன் படுக்கவே போகாது, ஊரே கண் எரிந்து திரியும். நான் ஜூனிலேயே லாரித் தார்ப்பாயை எடுத்துப் படுக்கையறை ஜன்னலில் அடித்துவிட்டேன். அறுபது ஆணி. ஒரு ஊசி முனை வெளிச்சம் உள்ளே வராது.

"இனி இருட்டு தானா வந்துடும், அதக் கழட்டிடுங்க" என்றாள் இங்கா. செப்டம்பரில் பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 31

நோட்டு எதற்கு என்று எனக்குத் தெரியாதா? போன நவம்பரில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் எழவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை. கடைசியில் இங்கா சமையலறை ஜன்னலை உடைத்து உள்ளே வந்தாள். வந்து, என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முதுகு வலிக்கு யாராவது அப்படி அழுவார்களா?

முதுகுதான் அது.

செப்டம்பர் 6

இங்கா வந்தாள். கையில் ஒரு வெள்ளைப் பலகை, சுவிட்ச் போட்டால் வெல்டிங் கடை மாதிரி எரிகிறது. காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் இதன் முன்னால் உட்கார வேண்டுமாம். இலையுதிர் காலத்து இருட்டு மனதுக்குள் இறங்காமல் பிடித்து நிறுத்துமாம். சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்னாளாம்.

"அறுபத்து மூணு குளிர்கால இருட்டக் கண்ணுக்குக் கண்ணு பாத்தவன் நான். எனக்கு லைட்டா?"

"சரி மாமா. நீங்க பாக்க வேணாம். அது உங்களப் பாக்கட்டும்."

வாய் என் அக்காவின் வாய்.

அப்புறம் மெதுவாக இன்னொன்று சொன்னாள். நார்வேக் கரையோரம் போகும் கப்பலில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை. சின்ன வயதிலிருந்து கடல் கடல் என்று உயிரை விடுகிறவள். அக்டோபர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீங்க நல்லா இருந்தா போறேன்" என்றாள்.

நான் நல்லா இருக்கிறேன். லாப்லாந்திலேயே என்னை விட நல்லா இருக்கிறவன் கிடையாது என்றேன். கிளம்பு என்றேன்.

அவள் போனதும் விளக்கைக் கோழிக்கூண்டில் மாட்டிவிட்டேன், ஆள் நிமிர்ந்து நிற்கிற கூண்டு. வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையிடாது, அது எல்லாருக்கும் தெரிந்தது. ஐந்து கோழிகள். அவற்றுக்காவது பயன்படட்டும்.

செப்டம்பர் 13

பிர்ச் மரத்து இலைகள் மஞ்சள். எல்லாரும் கேமராவோடு அலைகிறார்கள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அழகாக இருக்கிறது, அதனால்தானோ என்னவோ.

விறகு பிளந்தேன். மூன்று குளிர்காலத்துக்குப் போதும். இன்னும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 21

உருளைக்கிழங்கு தோண்டினேன். ஏரியை இரண்டு சுற்று சுற்றினேன். விறகுக் கொட்டகைக்கு வர்ணம் அடித்தேன். போன மாதமும் அடித்தேன். உட்கார்ந்தால் ஏதோ பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. திரும்பினால் ஒன்றும் இல்லை, விறகுதான்.

தூக்கம்: பாறை. அதாவது, மூன்று மணிக்கு விழிக்கும் பாறை.

செப்டம்பர் 30

ஊரில் யார் வீட்டுக் கோழியும் முட்டை விடவில்லை. என்னுடையவை ஐந்தும் விடுகின்றன. எதிர்வீட்டு சிர்க்காவுக்கு ஒரு டஜன் கொடுத்தேன். "என்சியோ, என்ன தீனி போடுற?" என்றாள். ரகசியம் என்றேன். மீன் எண்ணெயும் விஸ்கியும் கலந்து, பாட்டுப் பாடி ஊட்டுகிறேன் என்றேன். பாதி நம்பிவிட்டாள்.

அக்டோபர் 4

ஒன்று எழுத வேண்டும். யாரும் படிக்கப் போவதில்லையே.

காலையில் கோழிகளுக்குத் தீனி போடப் போகிறேன். போட ஐந்து நிமிடம் ஆகும். நான் திரும்பி வருவது ஒரு மணி நேரம் கழித்து. முதலில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். அப்புறம் ஒரு நாற்காலி கொண்டுபோனேன். இப்போது பிளாஸ்க்கும் அங்கேயே.

கோழிகள் நல்ல சகவாசம், அவ்வளவுதான். கதை நடுவில் எழுந்து போகாது.

அக்டோபர் 7

முட்டைக்காக சிர்க்கா நேராகக் கூண்டுக்கே வந்துவிட்டாள். நான் நாற்காலியில், மடியில் ஒரு கோழி, முகம் விளக்கைப் பார்த்து. வாசலில் நின்று பிளாஸ்க்கைப் பார்த்தாள்.

"கோழிக்கு எதுக்குப்பா காபி?"

குளிருக்கு, என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அது பயமாக இருந்தது. "எங்க வீட்லயும் இந்த லைட்டு ஒண்ணு இருக்கு. சமையலறையில, ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்துல. நாலு வருஷமா உட்கார்றேன். கடுகுச் செடிக்குன்னு மகன்கிட்ட சொல்லிருக்கேன்" என்றாள். முட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 11, சனி

மூஸ் மான் வேட்டை இன்று தொடக்கம். இருபத்தாறு வருடமாக, மானை விரட்ட ஆட்களை வரிசையில் நடத்துகிறவன் நான்தான். வேட்டைக் கூட்டாளி ரெய்யோ விடியும் முன் போன் செய்தான். "டேய், எங்கடா இருக்க? எல்லாரும் நெருப்பு மூட்டி உக்காந்துட்டோம்."

பல்வலி என்றேன். தாடையே வீங்கி ஒரு கண் மூடிவிட்டது என்றேன்.

பல் நன்றாகத்தான் இருக்கிறது. பூட்ஸ் போட முடியவில்லை. ஒரு பூட்ஸ் போட்டேன். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு... எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அக்டோபர் 12

மழை.

அக்டோபர் 14

இங்கா போன். கப்பலுக்கு இன்னும் பதில் சொல்லவில்லையாம். வேட்டையில் நானே ஒன்றைச் சுட்டேன், நானூறு கிலோ என்றேன். கறி அனுப்புகிறேன் என்றேன். ஏன் இப்படிச் சொன்னேன்? கறிக்கு எங்கே போவேன்?

அக்டோபர் 16

கோழிகளுக்கு ஒரு வாரத் தீனியை மொத்தமாகக் கொட்டி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 18

இதை எப்படி எழுதுவது. நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

விழித்தேன். அறை கும்மிருட்டு, தார்ப்பாய்தான் இருக்கிறதே. சுவர்க் கடிகாரம் ஏழு. சமையலறையிலும் இருட்டு. சரி, விடியவில்லை. எழுந்துவிட்டேன் என்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது, இத்தனை நாளுக்கு அப்புறம். காபி போட்டேன். கூண்டுக்குப் போனால் கோழிகள் கட்டையில் ஒட்டி உட்கார்ந்து தூங்குகின்றன. விளக்கைப் போட்டேன், எழுந்திரு சோம்பேறிகளா என்றேன். ஒன்று மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

இந்த உற்சாகத்தோடு இங்காவைக் கூப்பிட்டேன். போனில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி, கண்ணாடி எங்கேயோ.

"காலை வணக்கம் இங்கா. நான் எழுந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. காபி முடிஞ்சுது, விறகு பொளந்தாச்சு, இப்பதான் கோழிங்கள எழுப்புறேன். பாத்தியா உன் மாமாவ. தாராளமா கப்பல் ஏறு."



"மாமா. இப்போ சாயங்காலம் ஏழரை மணி."

நான் சிரித்தேன். தெரியுமே, சும்மா சொன்னேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"மாமா."

"ரெண்டு நாள்."

அவள் காத்துக்கொண்டிருந்தாள்.  மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரி மாதிரி என் வாய் ஓட ஆரம்பித்தது.

"ஒரு வாரம். வேட்டைக்கும் போகல. மானும் இல்ல ஒண்ணும் இல்ல. என்னால பூட்ஸ் போட முடியல இங்கா. போன வருஷமும் முதுகு இல்ல."

சொல்லிவிட்டேன். வாய் தவறிப் போய்விட்டது. இனி அவள் போக மாட்டாள். நான்தான் கெடுத்தேன்.

அக்டோபர் 19

விடியும் முன்னே இங்கா வந்து நின்றாள். விளக்கைத் தேடி வீடெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் கூண்டுக்குப் போனாள். நாற்காலியையும் பிளாஸ்க்கையும் பார்த்தாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் வாய் ஓரத்தில் சிரிப்பு.

"லைட்ட ஆறாயிரம் அடி தள்ளி வச்சாலும் தேடிப் போய் உக்காந்திருக்கீங்க."

கப்பலுக்கு முடியாது என்று எழுதிவிடு என்றேன். என்னால்தானே என்றேன்.

"மாமா, நீங்க சூப்பரா இருக்கேன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த ஒடச்ச ஜன்னல்தான் ஞாபகம் வரும். அத வச்சுக்கிட்டு நான் எப்படிப் போவேன்? நேத்து மொதல் தடவையா நெசம் சொன்னீங்க. இப்போதான் போக முடியும்னு தோணுது."

எனக்கு இது இன்னும் முழுசாக விளங்கவில்லை. நன்றாக இருக்கிறேன் என்றால் போக மாட்டாளாம், நன்றாக இல்லை என்றால் போவாளாம்.

அக்டோபர் 21

சுகாதார நிலையம். டாக்டர் சின்னப் பெண். எப்படி இருக்கீங்க என்றாள். பழக்கத்தில் "குறை ஒண்ணும் இல்ல" என்றேன். இங்கா என் காலை மிதித்தாள். மறுபடி ஆரம்பித்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறாள், இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

குளிர்காலக் கணக்கு தொடங்குகிறது, இன்று ஊரே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ள வேண்டும். சிர்க்கா வந்து தள்ளிவிட்டாள், என்னை நம்பவில்லை. தன் நாற்காலியையும் கூண்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தினம் எட்டு மணிக்கு வருவாளாம். "நீ வராட்டி நான் ஜன்னல ஒடைக்க மாட்டேன், எனக்கு வயசாச்சு. கோழிங்கள உள்ள விட்டுருவேன்" என்றாள்.

நவம்பர் 2

ரெய்யோ கறி கொண்டுவந்தான். பல் எப்படி இருக்கிறது என்றான். பல் இல்லடா என்றேன். தெரியும்டா என்றான். காபி குடித்தோம். 

நவம்பர் 5

எழவில்லை, எட்டு வரை. ஜன்னலுக்கு வெளியே கோழிச் சத்தம். சிர்க்கா சொன்னதைச் செய்கிறவள். எழுந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இங்கா போன் செய்தாள், ஏதோ துறைமுகத்திலிருந்து. பின்னால் காற்று. முன்னூறு பேருக்கு மீன் சூப் வைத்தாளாம். எங்கள் ரத்தம், முப்பதாக இருக்கும்.

"எப்படி இருக்கீங்க?"

"இன்னைக்கு அவ்வளவு நல்லா இல்ல. ஆனா எழுந்துட்டேன்."

"சரி மாமா" என்றாள். உடனே சூப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

போனை வைத்தபின் சுத்தியலை எடுத்துப் படுக்கையறைக்குப் போனேன். தார்ப்பாய் விழுந்ததும் வெளிச்சம் வந்தது. பெரிய வெளிச்சம் இல்லை, பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம். ஏரி ஓரத்தில் பனி கட்டியிருக்கிறது. எப்போது கட்டியதோ, தெரியாது.

ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டேன். ஜூனில் மறுபடி வேண்டும். அறுபது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், போடும்போது எண்ணினேன்.

பதினான்கு.

இரண்டாம் முறையும் எண்ணினேன். பதினான்குதான்.