இரண்டு கடிதம், ஒரே கையெழுத்து

பாவா,

நேற்று உங்கள் ஆபீஸிலிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபமாம். டைப் அடித்த நாலு வரி, கீழே நீல மையில் யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்து. அக்கா படித்து முடிப்பதற்குள் நான் அதைப் பிடுங்கி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தேன். இழவு வீட்டில் செய்கிற காரியமா இது? உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், என்ன செய்ய.

அப்போது நீங்கள் திருத்தணி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. பொதட்டூர்பேட்டை லுங்கி மூட்டைகளுக்கு நாளெல்லாம் கையெழுத்து வாங்கி வாங்கி, எது அவனவன் போட்டது, எது அடுத்தவன் போட்டது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவீர்கள். ஸ்டேஷனோடு விட்டிருக்கலாம். அந்தக் கண்ணை எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தீர்கள்.

நைனா கொடி பிடித்து ஜெயிலுக்குப் போய், வயிற்றுக்கடுப்போடு திரும்பி வந்து, மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம்தான் அந்தப் பெரிய தலைவரிடமிருந்து அம்மாவுக்குக் கடிதம் வந்தது. இங்கிலீஷில் ஆறு வரி. நடுவில் நைனா பேர், அடியில் தலைவரின் கையெழுத்து. நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன். அம்மா அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். படத்துக்கு வைக்கிற குங்குமம் அதன் ஓரத்துக்கும் கிடைத்தது.

விடுதலைக்கு முந்தின வருடம், தலைவர் வருகிற ரயில் திருத்தணியில் ஐந்து நிமிஷம் நிற்கப்போகிறது என்று தெரிந்தது. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நேரா போய் முன்னாடி நிக்கப்போறேன். இன்னார் பொஞ்சாதின்னு சொன்னா அவருக்குத் தெரியாதா? கைப்பட எழுதினவராச்சே!" தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் நீங்கள் கடிதத்தை எடுத்துத் திருப்பித் தடவினீர்கள். "மச்சான், பின்னாடி தடமே இல்ல. பேனாவால போட்டிருந்தா முள்ளு அழுத்தம் தெரியணும். ரப்பர் முத்திரையாட்டம் இருக்குது."

"காயிதம் தடிப்பு பாவா. அதான்."

"இருக்கலாம். ஒண்ணை மட்டும் வெச்சுகினு சொல்ல முடியாது. இன்னொண்ணு கெடைச்சா வெயில்ல ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்துடலாம். எந்த மனுசனும் ரெண்டு தடவை அச்சா ஒரே மாதிரி போட முடியாது."

அம்மா ஊரே பார்க்கத் தன் பேரைச் சொல்லி, அந்த மனிதர் திருதிருவென்று விழித்தால் என்ன ஆவது என்பதுதான் உங்கள் கவலை. இப்போது புரிகிறது. அப்போது எனக்கு அது மாப்பிள்ளை முறுக்காகத்தான் பட்டது.

பள்ளிப்பட்டில் ஓர் அம்மாவுக்கும் இப்படிக் கடிதம் வந்திருப்பதாக மூட்டை ஏற்ற வந்த ஒருவர் சொல்லிவிட்டார். விடுவீர்களா? அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். அந்த அம்மா கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். நீங்கள் கேட்டதும், கதிரறுக்கிற அரிவாள் முனையால் சட்டத்தின் பின்பக்கத்து ஆணியை நெம்பிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"உங்க வூட்லயும் செத்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆங்," என்றீர்கள்.

வாசலில் இரண்டையும் சேர்த்து வெயிலுக்கு நேரே பிடித்தீர்கள். இரண்டு கையெழுத்தும் ஒன்றாகிவிட்டன. கடைசி எழுத்தின் வால் இரண்டிலும் ஒரே இடத்தில் அறுந்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்களிடம் கெஞ்சினேன். "கைப்பட போட்டதுதான்னு சொல்லிடுங்க பாவா. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"அவரு ஸ்டேஷன்ல நின்னுகினு, 'யாரும்மா நீ'ன்னு கேட்டா அப்போ இன்னா பண்ணுவே?"

ஆனாலும் நீங்கள் பொய் சொல்வீர்கள் என்றுதான் நம்பிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "இன்னா மாப்ளே, கைப்பட போட்டதுதானே?"

"இல்ல அத்தே. முத்திரை. பள்ளிப்பட்டு அம்மாவுக்கும் அதே முத்திரைதான்."

உங்களை அறைந்துவிடலாமா என்றிருந்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

அம்மா கை நின்றது. "அந்தம்மா வூட்டுக்காரரும் போய்ட்டாரா?"

"ஆங்."

"முத்திரை செஞ்சு வெச்சுகினு குத்துற அளவுக்கு அத்தினி பேரா செத்துப்போயிருக்காங்க?"

அம்மா மறுபடி கீரையை எடுத்தார். நாலு காம்பு உருவினபிறகு சொன்னார். "ரயில் வர்ற அன்னிக்கு அந்தம்மாவைக் கூட்டிகினு வாங்க மாப்ளே. ரெண்டு பேருமா போறோம்."

போனார்கள். உங்கள் பார்சல் ஆபீஸ் மூட்டைகளுக்குப் பக்கத்தில், கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு இரண்டு பேரும் கையைக் கோத்து நின்றார்கள். தலைவர் ரயில் பெட்டி வாசலில் வந்து கும்பிட்டார். இவர்களும் கும்பிட்டார்கள். அம்மா தன் பேரைச் சொல்லவில்லை. ரயில் போனபிறகு நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் அந்த அம்மா ஊருக்குப் போனார். அதற்கப்புறம் வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மலையேற வந்தால் அவருக்குத் தங்கல் நம் வீட்டில்தான். கடிதமும் இருந்த இடத்திலேயே இருந்தது. குங்குமமும் நிற்கவில்லை.

நான்தான் உங்களோடு ஒரு வருஷம் பேசவில்லை. நீங்கள் முன்வாசலில் வந்தால் நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். பிறகு பேசினோம், சிரித்தோம், சம்பந்தம்கூடப் பண்ணிக்கொண்டோம். ஆனால் தப்பு என்னுடையது என்று ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், தப்பு என்னுடையதுதான் பாவா.

நேற்று அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் போன நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாங்கள் எல்லோரும் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தோம்.

"இன்னாடா தடவிகினே கீறே? கைப்பட போட்டதா?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லக்கா. முத்திரை."

கடிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அவரா இருந்தா, இன்னொண்ணு எந்த ஊர்ல கெடைக்கும்னு இந்நேரம் பஸ் ஏறியிருப்பாரு," என்று சிரித்தாள். சிரிக்கும்போதே அழ ஆரம்பித்தாள்.