ஆண்டாள் துணை ஃபோல்டர்

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காத்து. மாமாவின் வேட்டி பறந்து போய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில். மேற்கே மலை தெரியவில்லை, சாரல். துணி இன்றும் காயவில்லை.

புது லேப்டாப்! என் லேப்டாப்! வந்து மூன்று நாளாகிறது, இன்னும் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். அத்தை அடுப்படியிலிருந்து, "தொட்டில்ல கெடக்க புள்ளய எட்டிப் பாக்க மாதிரி பாக்கா" என்றார். பார்க்கத்தான் செய்வேன்.

இந்த வாரம்:
– 'குட்டி' ஆப்பைக் கோச்சிங் சென்டர் கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவில் எடுக்க (முடிந்தது)
– இந்த லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க
– நீலச் சுடிதார், டெய்லரிடம்
– மாவு அரைக்க
– வெள்ளிக்கிழமை உளறாமல் இருக்க

வெள்ளி காலை ஸ்ரீவி. (ஸ்ரீவில்லிபுத்தூர்). பால்கோவா கடைக்கு மேல் மாடியில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி, மொத்தமே ஏழெட்டுப் பேர். அந்த மேடம் போனில் சொன்னது: "சர்ட்டிஃபிகேட் அப்புறம் பாத்துக்கலாம் மாலதி. நீங்க செஞ்ச ஆப் ஒண்ண உங்க லேப்டாப்புல எங்க முன்னாடி ஓட்டிக் காட்டுங்க." கல்யாணமாகி நாலு வருசத்தில் என்னை யாரும் எதையும் செய்து காட்டச் சொன்னதில்லை, ரசத்தைத் தவிர. போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தேன்.

ஓடினால் வேலை. ஓடாவிட்டால் பழையபடி இதே வீடு, இதே மாடி, இதே முருங்கை.

இதில் இன்னொரு கொக்கி. வேலை கிடைத்தால் தினமும் ஸ்ரீவி. போய் வர வேண்டும். மாமாவுக்கு அதில் மனசில்லை. லேப்டாப் வாங்கித் தந்ததே, "வீட்டோட இருந்து பண்ணுத்தா" என்றுதான். இன்றைக்குக் கேட்டதற்கு, "மொதல்ல அது ஓடட்டும். போறது வாறது பத்திப் பொறவு பேசலாம்." ஆர்மியில் ஹவில்தாராக இருந்து வந்தவர். முடியாது என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார். ஆனால் முகத்தில் தெரியும்.

'குட்டி' என்ன செய்யும் என்றால்: நாய்க்குட்டி பிறந்த தேதியைப் போட்டால் எந்தெந்த நாள் ஊசி, எப்போது பூச்சி மருந்து என்று ஞாபகப்படுத்தும். இந்த ஊரில் நாய் வளர்க்காத தெரு ஏது. அலாரத்துக்கு எங்கள் மேஜர் குரைப்பதையே பதிவு பண்ணி வைத்திருக்கிறேன். (நாய்க்கு மேஜர் என்று பேர் வைத்தது மாமா. "வீட்ல எனக்கு மேல ஒரு ஆபீசர் வேணும்ல.")

மத்தியானம் காப்பி பண்ணிப் போட்டு, என் போனை லேப்டாப்பில் மாட்டி, ஓடு என்று அமுக்கினேன். சிவப்பு. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி.

ஜூலை 22, செவ்வாய்

காத்து குறையவில்லை. சாரல் நின்றது. வேட்டி மீட்கப்பட்டது.

காலையிலிருந்து சிவப்பு. கோச்சிங் சென்டரில் அழகாக ஓடிய அதே ஆப். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை! அழித்தேன், திரும்ப எழுதினேன், சாஃப்ட்வேரையே எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். லேப்டாப்பைத் திட்டினேன். மேஜர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் இவர் போன், ஆர்மி கேம்பிலிருந்து. ஜம்மு பக்கம் நல்ல மழையாம். சொன்னேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?" ஆர்மியில் டாங்கிக்கும் இதுதான் வைத்தியம் போல. கட் பண்ணிவிட்டேன். பாவம். பிறகு நானே கூப்பிட்டு ரெண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசினேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. சிவப்பைப் பார்த்துப் பயந்தேனே தவிர, ஒரு தடவையாவது முதல் வரியிலிருந்து படித்தேனா? படித்தேன். ஆப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்கிற பாதை. சி டிரைவ், யூசர்ஸ், அதற்கப்புறம் வரிசையாகக் கேள்விக்குறிகள். அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும்? இந்த லேப்டாப்பின் யூசர் பெயர். அந்த யூசர் பெயர் என்ன?

ஆண்டாள் துணை!!

கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

கடையில் வாங்கும்போது அந்தப் பையன், "பேரு என்ன சார் போடணும்?" என்று கேட்டதற்கு மாமா, "ஆண்டாள் துணைன்னு போடுப்பா, தமிழ்லயே போடு" என்றார். மாமா கை பட்ட எதுவும் அந்த எழுத்தில்லாமல் இருக்காது. பைக், பீரோ, கேஸ் புக், மேஜரின் சோற்றுத் தட்டு வரைக்கும். மாமா பிறந்த ஊர் ஸ்ரீவி. இல்லையா. தினமும் லேப்டாப்பைத் திறக்கையில் அந்தப் பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதே பேரில் உள்ளே ஒரு ஃபோல்டர் உண்டாகி, செய்கிற ப்ராஜெக்ட் எல்லாம் தானாக அதற்குள் போய் உட்காரும் என்று தோன்றவே இல்லை. நிரலைக் கட்டும் சாஃப்ட்வேருக்கோ பாதையில் தமிழ் எழுத்து வந்தால் படிக்கத் தெரியாது.

தப்பு என் மேல் இல்லை! என் நிரல் மேல் இல்லை! ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 23, புதன்

கரண்ட் கட், மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் வரை. லேப்டாப்பில் சார்ஜ் பாதிதான். அதனாலேயே கை வேகம்.

டி டிரைவில் புது ஃபோல்டர். பேரு 'வேலை', இங்கிலீஷ் எழுத்தில். செட்டிங்ஸ், சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் டிஃபால்ட் ப்ராஜெக்ட் ஃபோல்டர் என்று ஒரு கட்டம். பழைய பாதையை அழித்து இதைப் போட்டேன். ஓகே. ஓடு.

சிவப்பு.

செத்த நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் புரிந்தது, மண்டு. டிஃபால்ட்டை மாற்றினால் இனிமேல் ஆரம்பிக்கிறதுதான் புது இடத்துக்குப் போகும். ஏற்கெனவே இருக்கிறது இருந்த இடத்தில்தான். வீடு மாறியாயிற்று, சாமான் பழைய வீட்டில். 'குட்டி'யை மொத்தமாகத் தூக்கி 'வேலை'க்குள் வைத்தேன். அதற்கு வேண்டிய மற்ற கருவிகளையும் டி டிரைவுக்கு. சார்ஜ் சிவப்புக் கோட்டில். ஆண்டாளே என்று அமுக்கினேன், அவள் வீட்டை விட்டே போகிறேன் என்பதை மறந்து.

வவ்! வவ் வவ்!

போனில் மேஜர் குரைக்கிறது! நிஜ மேஜர் துள்ளி எழுந்து வீடு முழுக்க அந்த நாயைத் தேடுகிறது, கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால். நானும் கூடவே குதித்தேன். மாமா கம்போடு ஓடி வந்தார். "ஏலே, எவம்லே அது உள்ள வந்தது?"

"ஓடிருச்சு மாமா! ஓடிருச்சு!"

"எவன் ஓடுனான்?"

விளக்கினேன். கம்பை ஓரமாகச் சாத்திவிட்டுப் போனை வாங்கி, தானே ரெண்டு தடவை குரைக்க வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நா அன்னைக்கே சொன்னேன்லத்தா. அவ பேரப் போட்டு ஆரம்பிச்சா எதும் நிக்காது."

"ஆமா மாமா" என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூலை 24, வியாழன்

வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது, பழைய பாக்கி உட்பட.

சுடிதார் வாங்கியாச்சு, கை கொஞ்சம் லூஸ். மாவு அரைத்தாச்சு. அத்தையை மேடமாக உட்கார வைத்து ஒத்திகை. 'குட்டி'யை ஓட்டிக் காட்டினேன். "நல்லாருக்கு. அது என்னமோ டிப்பால்ட்டு டிப்பால்ட்டுன்னு புலம்புனியே, அது என்னட்டி?"

"புதுசா எது செஞ்சாலும் தானாப் போயி உக்காருற எடம் அத்தை. நாம எங்கன்னு சொல்லலன்னா அங்கதான் போகும்."

அத்தை: "நா கல்யாணமாயி வந்தன்னைக்கு அடுப்படில போயி நின்னேனே, அந்த மாதிரி. யாரும் போன்னு சொல்லல. நானாத்தான் போனேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாளைக்கு மாமாவும் கூட வருகிறார். நான் கம்பெனிக்கு, அவர் கோயிலுக்கு. திங்கள்கிழமை தேர் என்பதால் கூட்டம் இப்போதே இருக்குமாம். சாயங்காலம் வந்து லேப்டாப் மூடியை வேட்டி நுனியால் துடைத்தார். "அவ பேரு உள்ள இருக்குல்ல. பயப்படாதத்தா."

மனசு கேட்கவில்லை. 'குட்டி' எப்படியும் 'வேலை'யில் பத்திரம், ஓடுகிறது. இனிமேல் வருவதற்கான டிஃபால்ட் எங்கே இருந்தால் என்ன? ஒரு நாளைக்கு இருந்துவிட்டுப் போகட்டும். செட்டிங்ஸ் போய் அதை மட்டும் பழையபடி ஆண்டாள் துணைக்கே திருப்பி வைத்தேன். மாமாவிடம் பொய் சொன்ன உறுத்தல் கொஞ்சம் குறைந்தது.

ஜூலை 25, வெள்ளி

எங்கிருந்து ஆரம்பிக்க!

பஸ்ஸில் சீட் கிடைத்தது. ஸ்ரீவி.யில் இறங்கும்போதே பால் சுண்டுகிற வாசனை. மாமா கோயில் பக்கம் போனார், நான் மாடிப்படி. மேடத்துக்கு என் வயசுதான் இருக்கும், கூடவே ரெண்டு பேர். 'குட்டி' முதல் அமுக்கிலேயே ஓடியது. மேஜர் குரைத்த குரைப்பில் கீழே பால்கோவா கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாராம். எல்லாரும் சிரித்தார்கள். நான் பறந்துகொண்டிருந்தேன்.

மேடம்: "சூப்பர். இப்பப் புதுசா ஒண்ணு தொடங்குங்க. பெருசா வேண்டாம், ஒரு பட்டன். அமுக்குனா உங்க பேரு வரணும், அவ்வளவுதான்."

நியூ ப்ராஜெக்ட். பட்டன். பேரு. ஓடு.

சிவப்பு.

என்ன நடந்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புதுசு தானாகப் போய் உட்கார்ந்தது ஆண்டாள் துணையில்! நானே நேற்று என் கையால் திருப்பி வைத்த இடத்தில்! மூன்று பேரும் திரையைப் பார்க்கிறார்கள். ஒருவர், "எழுதுனது சரியாத்தான இருக்கு?" என்றார்.

மழுப்பலாமா என்று ஒரு நொடி. வேண்டாம் என்று இருந்தது. "சார், நிரல் சரிதான். இடம்தான் சரியில்ல. எங்க மாமா லேப்டாப்புக்கு ஆண்டாள் துணைன்னு தமிழ்ல பேரு போட்டிருக்காங்க. அந்தப் பேர்ல உள்ள ஃபோல்டர்ல வச்சா இதுக்குப் பாதை படிக்கத் தெரியல. செவ்வாய்க்கிழமையே கண்டுபிடிச்சு, புதன்கிழமை மாத்திட்டேன். அவங்க வருத்தப்படுவாங்களேன்னு நேத்து நானே திரும்ப வச்சேன். மாத்திக் காட்டட்டுமா?"

காட்டினேன். டிஃபால்ட் 'வேலை'க்கு. புதுசாகத் தொடங்கி, ரெண்டே வரி, ஓடு. போனில் பட்டன் வந்தது. அமுக்கினேன். மாலதி.

மேடம் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "ஓட வச்சதவிட, ஏன் ஓடலன்னு சொன்னீங்கல்ல, அது போதும். செவ்வாய்க்கிழமை வந்துருங்க. திங்கள் தேரு, ஊரே லீவு."

கிடைத்துவிட்டது!! கிடைத்துவிட்டது!! கிடைத்துவிட்டது!!

திரும்பினால், கதவுப் பக்கம் பெஞ்சில் மாமா. நெற்றியில் புதுசாகத் திருமண். கையில் துளசி. கோயிலில் கூட்டம், சீக்கிரமே வந்துவிட்டாராம். எப்போதிலிருந்து உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கத் தைரியமில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாம் காதில் விழுந்தது தெரிந்தது.

பஸ் ஏறினோம். மம்சாபுரம் விலக்கு ஸ்டாப் தாண்டித்தான் வாயைத் திறந்தார். "அந்த ஃபோல்டர அழிச்சிட்டியாத்தா?"

"இல்ல மாமா. போட்டோ, பாட்டெல்லாம் அங்கதான் இருக்கு."

"ம்."

வீடு வரை அந்த 'ம்' மட்டும்தான். போறது வாறது பற்றிப் பேச்சே இல்லை. இவரிடம் போனில் சொன்னேன், அந்தப் பக்கம் கத்திய கத்தில் காது அடைத்துவிட்டது. "அப்பா என்ன சொன்னாரு?" "ம்-ன்னாரு." இவரும் "ம்" என்றார்.

வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம். கிடைத்தும் போக முடியாதோ என்று இன்னொரு பக்கம்.

ஜூலை 26, சனி

காத்து. மறுபடி வேட்டி, மறுபடி முருங்கை.

மாமா காலையிலேயே சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார். அத்தை, "கோவம்னா இப்பிடித்தான், பஜாரச் சுத்திட்டு வருவாவ. நீ செவ்வாக்கெழம கெளம்பு, நா பாத்துக்கிடுதேன்" என்றார். அத்தையா இது! கட்டிப் பிடித்துக்கொண்டேன், கையில் இருந்த மாவு முழுக்கச் சுடிதாரில்.

பத்து மணிக்கு மேல் மாமா வந்தார். பஜார் பாத்திரக் கடைப் பை. என்னைப் பார்க்காமல் மேஜை மேல் வைத்தார். உள்ளே எவர்சில்வர் டிபன் பாக்ஸ், ரெண்டு அடுக்கு, புதுசு. "செவ்வாக்கெழமைல இருந்து வேணும்ல" என்றார், மேஜரைத் தடவிக்கொண்டே.

மூடியில் பேர் வெட்டியிருந்தது. பேர் வெட்டாமல் வாங்கி வருவாரா என்ன. ஆனால் எழுத்து வேறு மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஆண்டாள் துணை. இங்கிலீஷ் எழுத்தில்.

"என்ன மாமா இது?"

"அங்கன உள்ள மிஷினு எதும் மறுத்துறக் கூடாதுல்ல."