பக்கத்து நாற்காலிக்கும் விலை

அன்புத் துணைவிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் காய்ச்சல் முழுவதுமாக விட்டதா? அழைக்கும்போதெல்லாம் பெரியவனே எடுத்து, “அம்மா தூங்கறாங்கப்பா” என்கிறான்.

நேற்று முடி வெட்டிக்கொள்ளப் போனேன். விலைப்பலகையை வாசலிலேயே மாட்டியிருக்கும் கடை என்பதால் இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததிலிருந்து அங்கேதான் போவேன். ஆண்களுக்கு ஒரு விலை, பெண்களுக்கு இரு மடங்கு. கடையில் வேறு யாரும் இல்லாததால் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்ததும் கடைக்காரர் இரண்டு விலையையும் சேர்த்துக் கேட்டார்.

“நான் ஒருத்தன்தானே ஐயா?”

“உங்க வீட்டம்மான்னு சொல்லிட்டு வந்தாங்களே, அவங்களுக்கும் வெட்டினேனே சார்! ‘நுனியை வெட்ட எதுக்கு ரெட்டை விலை? பொம்பளைக்குத் தனிக் கத்தரிக்கோலா வெச்சிருக்கீங்க?’ன்னு என்னை ஒரு பிடி பிடிச்சிட்டுத்தான் உட்கார்ந்தாங்க. இப்பத்தான் வெளியே போனாங்க.”

அப்படிக் கேட்கக்கூடியவள் நீ ஒருத்திதான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பக்கத்து நாற்காலியின் கீழே உன்னுடையதைப் போலவே நரை கலந்த நீண்ட முடி கிடந்தது. எனக்குரியதற்கு மேல் ஒரு காசும் தராத நான், மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன். தெருவில் யாரும் இல்லை.

ஆள் மாறாட்டமாக இருக்கும், கவலைப்படாதே. என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பி வை. உன் பின்னலின் நுனியையும் ஒருமுறை பார்த்துச் சொல். எழுத வேண்டாம், நீயே பேசு. இன்றிரவு அழைக்கிறேன், உறங்கினாலும் உன்னை எழுப்பச் சொல்வேன்.

அவசரத்துடன்,
உன் கணவன்